இரண்டு சித்தூர், ஒரே பெயர்: ஜெனரேட்டர் எழுதும் கோடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர். ஆந்திராவில் மாவட்டத் தலைநகரமாகவே ஒரு சித்தூர். தமிழக எல்லை ஊர்ப் பட்டியலை ஜெனரேட்டரிடம், அதாவது தானாகக் கோடு எழுதும் புரோகிராமிடம் கொடுத்து, ஊருக்கொரு கான்ஸ்டன்ட் (மாறாத மதிப்புக்கான பெயர்) எழுத வைத்தால், இரண்டும் ஒரே பெயரில் வந்து விழும். ஜாவா கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். பைத்தான் வாயே திறக்காது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும். பிழையில்லாமல் ஓடிவிட்டது, ஆகவே மோதல் இல்லை என்று நம்புவது முதல் தவறு.

அதைவிட மோசமானது, மூலப் பெயர்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நின்றுவிடுவது. பாலக்காட்டு ஊரான கொழிஞ்சாம்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் வேறு வேறு. பைத்தானோ வேரியபிள் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறையில் தரப்படுத்திவிட்டுப் படிப்பதால் இரண்டும் ஒன்றே. மலையாளச் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்கள்) இன்னும் சிக்கல்: 2008-இல் யூனிகோட் 5.1 தனிச் சில்லுகளைக் கொடுத்தது. பழைய முறையில் தட்டச்சு செய்தவை தரப்படுத்தினாலும் அவற்றோடு சேராது. அதற்கு நாமே ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

டேட்டாபேஸிலும் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்தான். தமிழில் புள்ளி உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கொழிஞ்சாம்பாறை' மட்டுமே 14 குறி, 42 பைட். 'கொழிஞ்சாம்பாறை_பால்_கொள்முதல்_காலை', 'கொழிஞ்சாம்பாறை_பால்_கொள்முதல்_மாலை' என்று இரண்டு டேபிள் கேட்டால், இரண்டுமே 'கொழிஞ்சாம்பாறை_பால்_கொ' என்று வெட்டுப்படும். 'ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்று எழுதியிருந்தால் காலைப் பாலும் மாலைப் பாலும் ஒரே டேபிளில் கலந்துவிடும்; வருவது அறிவிப்பு வரிகள் மட்டுமே.

மோதினால் எண் ஒட்டுவதிலும் பிழை உண்டு. 'பெயர், பெயர், பெயர்_2' என்று மூன்று தலைப்பு வந்தால், இரண்டாவதுக்கு ஒட்டிய _2 மூன்றாவதோடு மோதும். மூலத்தில் உள்ள பெயர்களை எல்லாம் முதலில் பதிந்துவிட்டு, பிறகே புதுப் பெயர் கொடுங்கள். வரிசை எண்ணும் வேண்டாம். நடுவில் ஓர் ஊர் சேர்ந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். ஊரின் எல்ஜிடி எண்ணை (மத்திய அரசின் உள்ளாட்சிப் பட்டியலில் ஊருக்குள்ள எண்) ஒட்டினால் பெயர் அசையாது.

சோதனையை எழுத்து மாற்றம், தரப்படுத்தல், வெட்டு எல்லாம் முடிந்த பிறகு, ஃபைல் எழுதுவதற்கு முன்னால் வையுங்கள். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் (ஒரு பெயர் செல்லுபடியாகும் பரப்பு) ஒரு டிக்ஷனரி போதும்: இறுதிப் பெயர் கீ, மூல வரி எண் மதிப்பு. கீ ஏற்கெனவே இருந்தால் இரு வரி எண்களையும் காட்டி பில்டை நிறுத்துங்கள்.