காதால் பார்க்கும் மர்மத் தொடரை எழுதுவது எப்படி?

வானொலிக்கு, அல்லது இன்றைய ஒலித் தொடருக்கு, மர்மக்கதை எழுத முனைபவர் அமெரிக்க வானொலி எழுத்தாளர் கார்ல்டன் மோர்ஸை ஆசானாகக் கொள்ளலாம். சான்பிரான்சிஸ்கோ செய்தித்தாள்களில் நிருபராக இருந்துவிட்டு 1929-இல் என்.பி.சி. வானொலியில் சேர்ந்த இவர், 1939 ஜனவரியில் 'ஐ லவ் எ மிஸ்டரி' என்ற தொடரைத் தொடங்கினார். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம் என்று அது ஒலித்தது.

கதைச்சுருக்கத்தை எழுதுவதற்கு முன்பே, கதை முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் ஓர் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். அதே தொடரில், 1949-இல் மியூச்சுவல் என்ற அமெரிக்க வானொலியில் மூன்று வாரம், 15 பகுதிகளாக ஒலிபரப்பான மோர்ஸின் 'தி திங் தட் கிரைஸ் இன் தி நைட்' (இரவில் அழும் அது) கதையில் அந்த ஒலி ஒரு குழந்தையின் அழுகை. பல ஆண்டுகளாகக் குழந்தையே இல்லாத மாளிகையில் அந்த அழுகுரல் எழும்போதெல்லாம் ஏதோ ஒரு கொடுமை நிகழ்கிறது. சில பகுதிகள் கடந்தபின் கொலையைக் காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது, ஏனெனில் அழுகை கேட்டவுடன் நேயரே அஞ்சத் தொடங்கிவிடுகிறார். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடையை முதல் பகுதி எழுதும் முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். பேய் என்று சொல்லித் தப்பிப்பது ஏமாற்று வேலை. இடி, ஆந்தை, கதவுக் கிறீச்சு என்று எல்லாவற்றையும் கொட்டி நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒலிகள் பெருகப் பெருக எதுவுமே காதில் நிற்காது.

அடுத்து, குரல்கள். மோர்ஸின் மூன்று நாயகர்களில் ஜாக் நிதானமாகப் பேசுபவர், டாக் டெக்சாஸ்காரர், ரெஜி ஆங்கிலேயர். வாய் திறந்த கணமே யார் என்று தெரிந்துவிடும். தமிழில் எழுதுவோருக்கு நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் இருக்கவே இருக்கின்றன. ஒரு காட்சியில் மூன்று பேருக்கு மேல் பேச வைக்காதீர்கள். பேசாமல் நிற்பவர் நேயரைப் பொறுத்தவரை அறையிலேயே இல்லை. ஆகவே அவரை யாராவது பெயர் சொல்லி அழைத்தபடி இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதை வசனத்தில் விவரிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. "அதோ, கறுப்புக் கோட்டு அணிந்தவன் கத்தியோடு கதவைத் திறந்து வருகிறான்" என்று எந்த மனிதனும் பேசுவதில்லை. "நீதானே இந்தக் கதவைத் தாழிட்டாய்?" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்க, மற்றவர் பதில் சொல்லாதிருக்க, தாழ்ப்பாள் நகரும் ஓசை மட்டும் கேட்கட்டும். அந்த இரண்டு விநாடி மௌனத்தையும் பிரதியில் குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் நடிகர்கள் அதை விழுங்கிவிடுவார்கள்.

கால் மணி நேரத்தில் முகப்பிசையும் முன்கதையும் விளம்பரமும் போக மிஞ்சுவது குறைவு என்பதால், எழுதியதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்து வெட்டுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு திருப்பம் போதும். 'தொடரும்' போடும் இடத்தில் ஒரு கேள்வி தொங்க வேண்டும். அதற்கு மறுநாள் தொடக்கத்திலேயே நேர்மையான பதில் தந்து, அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிறப்பிக்க வேண்டும். நேற்று மாடியிலிருந்து விழுந்தவர் இன்று வைக்கோற்போரில் எழுந்தால் நேயர் மூன்றாம் நாள் வரமாட்டார்.

வெள்ளிக்கிழமை முடிச்சை மட்டும் கூடுதல் இறுக்கமாகப் போடுங்கள், ஏனெனில் அது இரண்டு நாள் தாங்க வேண்டும். திங்களன்று முன்கதையை அறிவிப்பாளர் ஒப்பிப்பதைவிட, புதிதாக வந்து சேரும் ஒரு காவலருக்கு நாயகன் எரிச்சலோடு நாலு வரியில் விளக்கட்டும். அதற்கு அரை நிமிடமே அதிகம்.