மெல்லிய தூண்டில் நரம்பு போட்டால் மீன் அதிகம் மாட்டுமா? மலைத் தண்ணீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் எமரால்டு அணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போனால் கோயம்புத்தூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வந்த பையன்கள் நாலு பேராவது புது ராடோடு நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால் கதை ஒன்றுதான்: போன தடவை தடி நரம்பு போட்டோம், ஒரு கடிகூட இல்லை, வீடியோவில் மெல்லிசு போடச் சொன்னார்கள், அதனால் இந்த முறை 0.16 மி.மீ. தடிமன் உள்ளது வாங்கி வந்திருக்கிறோம். அரை மணி நேரத்தில் ஒரு மீன் கடிக்கும், இன்னும் அரை நிமிடத்தில் நரம்பு அறுந்து தொங்கும். எல்லாரும் தாண்டி வந்த கட்டம்தான், நானும் சேர்த்து.

சத்தம் போடாதே, நிழலைத் தண்ணீரில் விழவிடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால், மெல்லிய நரம்பில் கடி அதிகம் வரும், அது உண்மை. ஆனால் கடித்த மீன் எல்லாம் கரைக்கு வராது, மேலே சொன்ன பையன்கள் தோற்பது இந்த இரண்டாவது பாதியில்தான்.

கண்ணுக்குத் தெரியாது என்று நம்பி மெல்லிசு வாங்குவது

மீனுக்கு நரம்பு தெரியவே கூடாது என்று ஃபுளோரோகார்பன் என்கிற வகை நரம்புக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கிறார்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, சாதாரண நைலானுக்கு 1.5க்குச் சற்று மேல். இந்த எண் தண்ணீருடையதற்கு நெருங்க நெருங்க நரம்பு தண்ணீருக்குள் தெரிவது குறையும், அதனால் ஃபுளோரோகார்பன் கொஞ்சம் குறைவாகத் தெரியும், மறைந்தே போய்விடாது. தெளிந்த தண்ணீரில் 0.16 நைலானும் மீனுக்குத் தெரியத்தான் தெரியும்.

மெல்லிசின் உண்மையான லாபம் இரை நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. கெண்டை இரையை நாய் மாதிரி கவ்வுவதில்லை, வாயால் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். தடித்த, விறைப்பான நரம்பு மாவு உருண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால் உறிஞ்சினாலும் அது வாய்க்குள் ஒழுங்காகப் போகாது. மெல்லிய நரம்பு வளைந்துகொடுக்கும், இரை தானாகப் போகும். ஓடையிலும் இதே கதைதான், தண்ணீர் இழுக்கிற பக்கம் மண்புழு தன்பாட்டுக்குப் போனால் டிரவுட் என்கிற ஓடை மீன் எடுக்கும், நரம்பு அதைக் குறுக்கே இழுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொரு லாபம், மூன்று நாலு கிராம் ஸ்பின்னரையும் (தண்ணீரில் சுழலும் செயற்கை இரை) தூரமாக எறிய முடியும்.

இது புரிந்தால் நரம்பைத் தொடுவதற்கு முன்னால் ஈயத்தையும் தக்கையையும் பார்ப்பீர்கள். கோலி குண்டு அளவு ஈயமும் பாதி தண்ணீருக்கு மேலே நிற்கிற தக்கையும் போட்டுவிட்டு நரம்பை மட்டும் மெல்லிசாக்கி என்ன பயன்? தக்கையின் நுனி மட்டும் தெரியும் அளவுக்கு சின்னச் சின்ன ஈயம் கட்டிப் பாருங்கள், பல சமயம் பழைய நரம்பிலேயே கடி கூடும்.

ஓடைக்கும் ஏரிக்கும் ஒரே நரம்பு

நீலகிரியில் இரண்டு விதமான மீன்பிடிப்பு இருக்கிறது, இரண்டுக்கும் இரண்டு வரலாறு. டிரவுட்டை இங்கே கொண்டுவர ஆங்கிலேய மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே 19ஆம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் நிலைத்தது, அவலாஞ்சி மீன்குஞ்சுப் பொரிப்பகம் அப்போது வந்தது. அந்த மீன் குளிர்ந்த ஓடையில் வாழ்வது, பெரும்பாலும் கால் கிலோ அரை கிலோ சைஸ். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கே 0.16, 0.18 நியாயமான நரம்பு.

சாதாக் கெண்டை 1939இல் சிலோனிலிருந்து வந்தது. அதன் குணம் வேறு, எடை வேறு, ஓடுகிற ஓட்டமும் வேறு. எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரம் எத்தனை தூரும் பாறையும் தலைகாட்டுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஏறியதும் அத்தனையும் அடியில்தான் கிடக்கிறது. அங்கே 0.16 போட்டுவிட்டு கெண்டையோடு மல்லுக்கட்டக் கூடாது. 0.25க்குக் கீழே நான் போவதில்லை.

ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 0.30லிருந்து 0.20க்கு இறங்கினால் தடிமன் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது என்று தோன்றும். ஆனால் தாங்கும் சக்தி குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அதனால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

டிராக்கை இறுக்குவது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, அதனால் கொஞ்சம் நீளும். டிராக் என்பது மீன் பலமாக இழுக்கும்போது ரீல் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்க வைக்கிற பிடி, ரீலில் உள்ள திருகால் அதைக் கூட்டலாம் குறைக்கலாம்.

அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 0.20 நைலான், நல்ல சரக்கு. கெண்டை மாட்டியது, ஓடியது, ரீல் கிர்ரென்று கத்தியது. "மாமா, ஓடுது மாமா!" என்று அலறிக்கொண்டே அவன் கை ரீலின் முன்பக்கத் திருகுக்குப் போனது. "தொடாதேடா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சுற்று இறுக்கிவிட்டான். டப். தக்கையோடு மீன் போனது. "நரம்பு டூப்ளிகேட் மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். மிச்ச நுனியை வாங்கிப் பார்த்தேன். முடிச்சு நழுவியிருந்தால் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும். இது சுருளவில்லை, நேராக அறுந்திருந்தது. நரம்பு தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டுத்தான் போயிருக்கிறது.

ரீல் கத்துவது மீன் தப்பிக்கிறது என்பதற்கான அபாயச் சங்கு இல்லை, ரீல் தன் வேலையைச் செய்கிறது. மெல்லிய நரம்பில் மீனைக் களைப்படையச் செய்வது டிராக்தான், உங்கள் கைபலம் இல்லை. 0.20 நைலான் பெட்டியில் 3 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நனைந்தால் நைலானின் பலம் கொஞ்சம் குறையும், முடிச்சு இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால்தான் டிராக்கைப் பெட்டியில் உள்ள எடையின் கால் பங்கு, போனால் போகிறது மூன்றில் ஒரு பங்குக்கு வைக்கச் சொல்கிறார்கள். அதாவது 750 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள். கேட்டால் "இவ்வளவுதானா?" என்பார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

அப்புறம், மீன் ஓட ஓட ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு குறையும். சுற்றின் விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே நரம்பின் மேல் விழும் இழுவை இரண்டு மடங்காகிவிடும். 750 கிராமுக்கு வைத்தது 1500 ஆகிறது. அதோடு தண்ணீருக்குள் கிடக்கிற நீள நரம்பின் எதிர்ப்பு, வளைந்த ராடின் வளையங்களில் வரும் உராய்வு எல்லாம் சேரும். மீன் தூரம் போகப்போக டிராக்கைத் தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. நம் ஆட்களின் கை மட்டும் சரியாக எதிர்ப் பக்கம் திருகும்.

கையால் இழுத்துப் பார்த்து "ம், சரியாத்தான் இருக்கு" என்று வைப்பதையும் விடுங்கள். சாமான் எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று போதும். நரம்பை வளையங்கள் வழியாகவே விட்டு நுனியைத் தராசில் கட்டி, ராடை மீன் பிடிக்கிற சாய்வில் தூக்கிப் பிடியுங்கள், இன்னொருவர் தராசை மெதுவாக இழுக்கட்டும், ரீல் விட்டுக்கொடுக்கிற இடத்தில் எடையைப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை. கரைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்துவிட வேண்டும். மீன் ஓடும்போது கூடுதல் பிடி வேண்டுமென்றால் ஸ்பூல் விளிம்பில் விரலை லேசாக வையுங்கள். விரலை உடனே எடுத்துவிடலாம், இறுக்கிய திருகைப் பதற்றத்தில் யாரும் திரும்பத் தளர்த்துவதில்லை.

மலிவு ரீலின் டிராக் ஒரே சீராக விடாது, பிடித்துப் பிடித்துத்தான் விடும். தடி நரம்பு அந்த உதறலைத் தாங்கும், 0.18 தாங்காது. மெல்லிசு போட ஆசைப்பட்டால் காசை ரீலில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கிற வில்லைகள் ஒட்டிக்கொள்ளும்.

அறுந்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. வாயில் தூண்டில் முள்ளும் பின்னால் பத்து மீட்டர் நரம்பும் இழுத்துக்கொண்டு போகிற மீன் ஏதாவது தூரில் சிக்கி அங்கேயே சாகும்.

நரம்பு மெல்லிசு, ராடு உலக்கை

நரம்பு நீளும், ராடு வளையும், இரண்டும் சேர்ந்துதான் மீனின் உதறலை வாங்கிக்கொள்கின்றன. கடல் ராடில் 0.18 சுற்றினால் நீளுகிற வேலை முழுக்க நரம்பின் தலையில். தடித்த கம்பி முள்ளும் வேண்டாம், அதை வாயில் ஏற்றுகிற அளவு வெட்டி இழுத்தால் மெல்லிய நரம்பே போய்விடும்.

உலர்ந்த முடிச்சு

எச்சில் தொட்டு இறுக்குங்கள்.

போன வருஷ நரம்பு

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். ஜீப்பின் கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்த நைலானை நம்பாதீர்கள்.

பிரெய்டுதான் தீர்வு என்று முடிவு கட்டுவது

பிரெய்டு என்பது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. அதே பலத்துக்கு மிக மெல்லிசு என்பது உண்மை. ஆனால் நீளவே நீளாது, பாறையில் உரசினால் சட்டென்று போகும், வழுக்குவதால் நைலானுக்குப் போடும் சில முடிச்சுகள் அதில் நிற்காது. மாட்டிக்கொண்டால் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரல் எலும்பு வரை வெட்டும். போடுவதென்றால் முன்னால் இரண்டு மீட்டர் நைலான் கட்டுங்கள்.

கலங்கல் தண்ணீரிலும் மெல்லிசு

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த அளவு வேண்டாம், சாதாரண ஆடி மழைக்கே ஓடை டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்போது தைரியமாகத் தடி நரம்பு போடலாம்.

விட்டுவிடப்போகிற மீனோடு விளையாடுவது

இது கோடைக்கு. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறைவு. ரொம்ப மெல்லிசில் டிரவுட்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, போட்டோ எடுத்து, பெருமையாகத் திரும்ப விட்டால் அது நீந்திப் போவது போலத் தெரியும், அப்புறம் எங்கேயாவது போய்ச் சாகும். விடப்போகிறீர்கள் என்றால் ஒரு சைஸ் கூடுதல் நரம்பு போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஏப்ரல், மே மதியத்தில் டிரவுட்டைத் தொடவே வேண்டாம்.

அனுமதி

மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் கேட்டுவிட்டு ராடை எடுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா பக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள்.