கால்டோ வெர்டே: பச்சை மங்காத கீரை சூப்

போர்ச்சுகலின் வடக்கே, மின்யோ பகுதியின் சூப் இது. நாலு பேருக்கு அரை கிலோ உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். உப்புப் போட்டு 20 நிமிடம் குழைய வேகவைத்து மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அதிக நேரம் ஓடவிட்டால் கிழங்கின் மாவுச்சத்து பசைபோல இழுக்கும்.

கீரை நறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே போடுவது கோவ் கலேகா என்ற முட்டைக்கோஸ் இனத்துக் கீரை. கிடைக்காவிட்டால் அதே இனத்துக் கேல் கீரை போதும். நடுத்தண்டை நீக்கி, இலைகளை அடுக்கி இறுக்கச் சுருட்டி, நூல் நூலாக நறுக்குங்கள். தடித்துப்போனால் நார் வாயில் தட்டும். கொதிக்கும் சூப்பில் போட்டு, மூடாமல் 4 நிமிடம் வையுங்கள். மூடினால், கூடுதலாக வெந்தாலும் சரி, பச்சை நிறம் பழுப்படிக்கும்.

இறக்கியதும் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். கிண்ணத்துக்கு ஒரு வில்லை ஷோரிசு தொத்திறைச்சி. தொட்டுக்கொள்ள ப்ரோவா என்ற சோள ரொட்டி.