சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியில் தமிழாசிரியர் வேலை தேடுவது எப்படி?

சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று என்பதால், அங்குள்ள பாலர் பள்ளிகள் சிலவற்றில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் தேவைப்படுகின்றனர். வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்கு முயல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வேலை அனுமதிக்குத் தாமாக விண்ணப்பிக்க இயலாது என்பதே. வேலை தரும் பாலர் பள்ளி நிலையந்தான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். ஆசிரியர் சான்றிதழுக்காக, பாலர் பள்ளிகளை மேற்பார்வையிட 2013இல் அமைக்கப்பட்ட அரசு அமைப்பான பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பை (இசிடிஏ) அணுகுவதும் அதே நிலையந்தான்.

ஆகவே, உங்களை எடுத்துக்கொள்வதில் நிலையத்துக்கு என்ன சிரமம் என்று அறிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பேச்சு, இடைநிலைத் திறனுள்ள வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதியாகிய எஸ் பாஸ் பற்றியதாக இருக்கும். பாலர் பள்ளி போன்ற சேவைத் துறை நிறுவனமொன்றில் எஸ் பாஸ் பணியாளர் மொத்தப் பணியாளரில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக் கூட இது உயரும். எஸ் பாஸ் பணியாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 650 வெள்ளி. இத்தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடந்தராது. இதற்கும் முன்பாக, மிகச் சிறிய நிறுவனங்கள் தவிர மற்றவை அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்னும் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாளேனும் விளம்பரம் செய்திருக்க வேண்டும். இத்தனையையும் தாங்கக்கூடியவை ஓரளவு பெரிய நிறுவனங்களே என்பதால், பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற பெரிய பாலர் பள்ளிக் குழுமங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலிருந்து தேடலைத் தொடங்குவதே என் பரிந்துரை.

பி.எட். பட்டம் ஒன்றே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். அது பள்ளிக்கல்விக்கான பயிற்சி. மழலையர் கல்வியில் பெற்ற பட்டயம், அதன் பாடவாரியான மதிப்பெண் பட்டியல், செய்முறைப் பயிற்சி நடந்த இடமும் கால அளவும் குறிப்பிடும் கடிதம், தமிழில் தேர்ச்சி பெற்றதற்கான சான்று ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஒரே கோப்பாக அனுப்பினால், பரிசீலிப்பவருக்கு வேலை எளிதாகும்.

நேர்காணலில் மாதிரிப் பாடம் நடத்தச் சொல்லக்கூடும். நம்மூர் எல்கேஜி வகுப்பைப் போல அ, ஆ எழுதவைத்துத் தொடங்கினால் எடுபடாது. வீட்டில் ஆங்கிலமே பேசும் 5 வயதுக் குழந்தை தமிழில் வாய்திறப்பதுதான் அங்கு முதல் வெற்றி. ஒரு கூடையில் வாழைப்பழம், கரண்டி, சீப்பு ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, “இது என்ன? இத வெச்சு என்ன செய்யலாம்?” என்று இயல்பான பேச்சுத்தமிழில் கேட்டு, குழந்தை ஒற்றைச் சொல்லில் பதில் தந்தாலும் அதை முழு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் தாய்மொழிகளுக்கான பகுதியைப் படித்துவிட்டுப் போவது கட்டாயம் என்றே சொல்வேன்.

முகவர் வழியே செல்வதானால், சிங்கப்பூர் உரிமம் உள்ளவரா என்பதை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பாருங்கள். அத்தகைய முகவர் உங்களிடம் பெறக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். எவ்வளவு நீண்ட ஒப்பந்தமாயினும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வந்து, அதையும் அமைச்சின் தளத்தில் சரிபார்த்த பிறகே இப்போதைய வேலையிலிருந்து விலகுங்கள்.