முதல் கட்டத்தில் டிடிடி கூடாது: தடயவியல் டிஎன்ஏ மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை போடுங்கள், முகக்கவசம் போடுங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் டிப்பை மாற்றுங்கள், ஈரத் துணியை பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதையெல்லாம் காதில் ஓதிவிடுவார்கள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இங்கே பேசுவது வேறு ரகம்: செய்முறை மனப்பாடம் ஆன பிறகு, கை பழகிவிட்ட தெம்பில் நடக்கும் தவறுகள். புதிதாக மேசைக்கு வரும் ஒவ்வொரு செட்டும் இவற்றை வரிசை மாறாமல் செய்கிறது. முந்தைய செட்டும் செய்ததுதான். பெரும்பாலானவற்றை மறுநாள் சரிசெய்துவிடலாம். ஒன்றை மட்டும் முடியாது. அதிலிருந்தே தொடங்குவோம்.

டிடிடி-யை முதல் கட்டத்திலேயே சேர்ப்பது

கொசு மருந்து அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், இது டைதயோத்ரைட்டால் (DTT) என்ற வேதிப்பொருள்.

பாலியல் வன்கொடுமை வழக்கில் வரும் ஸ்வாப்பில் (மாதிரி ஒற்றியெடுத்த பஞ்சுக் குச்சியில்) பாதிக்கப்பட்டவரின் எபிதீலியல் செல்கள், அதாவது உடலின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்த செல்கள், ஏராளமாக இருக்கும். விந்தணு இருந்தால், சொற்பமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து எடுக்கும் வழியை 1985-இல் பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரிஸ், டேவிட் வெரெட் மூவரும் காட்டினார்கள். விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏவைப் பொதிந்திருக்கும் புரோட்டமீன் என்ற புரதம் டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகிக் கிடக்கும். எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகையும் புரோட்டினேஸ் கே என்ற புரதம் தின்னும் நொதியும் எபிதீலியல் செல்லை உடைத்துவிடும். அந்தத் தலையை உடைக்காது. டைசல்ஃபைடு பிணைப்பை அவிழ்ப்பது டிடிடி. ஆகவே முதல் கட்டத்தில் டிடிடி கிடையாது, இரண்டாம் கட்டத்தில் உண்டு. மொத்த முறையும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

இது தெரியாமல் யாரும் தவறு செய்வதில்லை. தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். தவறு நடப்பது எல்லாக் குழாய்களுக்குமான பொதுக் கலவையை, மாஸ்டர் மிக்ஸை, கலக்கும்போது. அன்றைக்கு வேர் உள்ள முடி மாதிரிகளும் இருக்கும். முடிக்கு முதல் கட்டத்திலேயே டிடிடி வேண்டும். இருபது குழாய்களுக்கும் சேர்த்து ஒரே கலவை போட்டுவிட்டால் நேரம் மிச்சம் என்று தோன்றும். பஃபர், எஸ்டிஎஸ், புரோட்டினேஸ் கே, டிடிடி எல்லாம் ஒரே குழாயில். அதிலிருந்து ஸ்வாப்புக்கும் 500 மைக்ரோலிட்டர் போய்விடும். 56 டிகிரியில் வைத்த ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது.

என்ன போனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்வாப்பில் 100 விந்தணுவும் 10,000 எபிதீலியல் செல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு விந்தணுவில் சுமார் 3.3 பிக்கோகிராம் டிஎன்ஏ, மொத்தம் 0.33 நானோகிராம். சாதாரண செல்லில் அதைப்போல் இரு மடங்கு, 6.6 பிக்கோகிராம், மொத்தம் 66 நானோகிராம். இரண்டும் கலந்துவிட்டால் விகிதம் 200-க்கு 1. டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆருக்கு 1 நானோகிராம் எடுத்தால் அதில் ஆணுடைய பங்கு 5 பிக்கோகிராம், அதாவது ஒன்றரை விந்தணுவுக்கு ஈடு. முடிவைக் காட்டும் வரைபடமான எலெக்ட்ரோஃபெரோகிராமில் பாதிக்கப்பட்டவரின் பீக்குகள் மட்டும் கம்பீரமாக நிற்கும். அதே ஸ்வாப்பை முறையாகப் பிரித்திருந்தால், கழுவுவதில் பாதி விந்தணு போனால்கூட 0.16 நானோகிராம் கையில் இருக்கும். பீக் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் படிக்கலாம்.

கலந்துவிட்டதைத் திரும்பப் பிரிக்க வழி இல்லை. கையில் மிஞ்சுவது ஒய் குரோமோசோமைப் பார்க்கும் ஒய்-எஸ்டிஆர் சோதனை மட்டுமே. அது ஆண் டிஎன்ஏவை மட்டும் பெருக்கிக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒய் புரொஃபைல் தகப்பன், மகன், அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் பொது. ஒருவரை விலக்க உதவும். இவர்தான் என்று சொல்ல உதவாது.

இதே இழப்புக்கு வேறு வாசல்களும் உண்டு.

முதல் கட்டத்தை நீட்டுவது ஒன்று. இரண்டு மணி நேரம் போதும் என்ற இடத்தில் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போனால், நாள்பட்ட ஸ்வாப்பில் நலிந்துபோயிருக்கும் விந்தணுத் தலைகள் டிடிடி இல்லாமலேயே உடையத் தொடங்கும். அப்போது ஆணுடைய டிஎன்ஏ எபிதீலியல் பகுதிக்குள் போய்விடும்.

சுழற்றியபின் குழாயின் அடியில் படியும் விந்தணுப் பெல்லெட்டை உறிஞ்சிவிடுவது இன்னொன்று. சில நூறு விந்தணுக்களின் பெல்லெட் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று நினைத்துப் பிபெட்டை அடிவரை விடுகிறார்கள். சுழற்றுவதற்கு முன்பே குழாயின் மூடிக் கீலை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். பெல்லெட் எப்போதும் கீல் பக்கச் சுவரில்தான் படியும். டிப்பை எதிர்ச்சுவரில் சாய்த்து மேலிருந்து மெதுவாக எடுங்கள். கடைசி 50 மைக்ரோலிட்டரைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் கழுவல். ஒரு தடவை கழுவிவிட்டு இரண்டாம் கட்டத்துக்குப் போனால் விந்தணுப் பகுதியிலும் பாதிக்கப்பட்டவரின் புரொஃபைலே வரும். குறைந்தது மூன்று தடவை, மாதிரி கெட்டியாக இருந்தால் ஐந்து தடவை, தடவைக்கு 500 மைக்ரோலிட்டராவது. இடையில் 3 மைக்ரோலிட்டரை ஸ்லைடில் இட்டு கிறிஸ்துமஸ் ட்ரீ சாயத்தில் பாருங்கள். விந்தணுத் தலை சிவப்பாக, வால் பச்சையாகத் தெரியும். எபிதீலியல் உட்கரு இன்னும் மிச்சம் தெரிந்தால் டிடிடி-யை எடுக்காதீர்கள். முதல் கட்டத்தை இன்னொரு முறை செய்யுங்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறு, செத்துப்போன டிடிடி. தண்ணீரில் கரைத்த டிடிடி காற்றுப்பட ஆக்ஸிஜனேற்றமடைந்து வீரியம் இழக்கும். மேசை மேல் ஒரு வாரம் கிடந்த குழாயிலிருந்து எடுத்து ஊற்றினால் விந்தணுத் தலை உடையாது. டிஎன்ஏ அளவைப் பார்க்கும் குவான்டிஃபிகேஷனில் பூஜ்யம் வரும். ஆண் டிஎன்ஏ இல்லை என்று அறிக்கை போய்விடும். 1 மோலார் கரைசலைச் சிறு குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 20-இல் வையுங்கள். ஒரு குழாய், ஒரு தடவை. மீதியைக் கொட்டிவிடுங்கள். 500 மைக்ரோலிட்டருக்கு 20 மைக்ரோலிட்டர் சேர்த்தால் சுமார் 40 மில்லிமோலார் வரும்.

தடுப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். டிடிடி குழாய்களின் மூடியில் சிவப்பு டேப் ஒட்டி, முதல் கட்டம் முடியும்வரை உறைபெட்டியிலேயே விடுங்கள். மேசைக்கு வராத திரவம் குழாய்க்குள் விழாது. முடியையும் ஸ்வாப்பையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். எபிதீலியல் பகுதி, கழுவிய நீர், பிழிந்த பஞ்சு எதையும் தூக்கி எறியாதீர்கள். குற்றவாளிக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம். வாசெக்டமி செய்தவராக இருக்கலாம். அப்படியானால் அவருடைய செல் நீங்கள் ஒதுக்கி வைத்த முதல் பகுதியில்தான் இருக்கும்.

பீக் சின்னது என்றதும் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது

பெரிய லோகஸ்களில் (நீளமான டிஎன்ஏ துண்டு வேண்டிய இடங்களில்) பீக் படிப்படியாகச் சரிந்து காணாமல் போகிறது. உடனே டிஎன்ஏ போதவில்லை என்று முடிவுகட்டி, 5 மைக்ரோலிட்டர் இருந்த இடத்தில் 10 போடுகிறார்கள். இரண்டாவது ஓட்டம் முதலாவதைவிட மோசமாக வரும். காரணம், கூடவே பிசிஆரை முடக்கும் தடுப்பானும் இரு மடங்கு போனதுதான். ரத்தக் கறையில் ஹீம், ஜீன்ஸ் துணியில் இண்டிகோ சாயம், மண்ணில் கிடந்த எலும்பில் ஹியூமிக் அமிலம், முடியில் மெலனின். எடுத்த கரைசலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: நீலமாகவோ டீ டிகாக்‌ஷன் நிறத்திலோ இருக்கும்.

பதில் உங்கள் குவான்டிஃபிகேஷன் தாளிலேயே இருக்கிறது. யாரும் செறிவு எண்ணைத் தாண்டிப் படிப்பதில்லை, அதுதான் கோளாறு. உள்கன்ட்ரோல் (கிட்டிலேயே சேர்ந்து வரும் சோதனை டிஎன்ஏ) தென்படும் சுழற்சி எண்ணான சிடி மதிப்பு, ஸ்டாண்டர்டுகளில் வந்ததைவிட ஒன்றிரண்டு சுழற்சி தாமதமாக வந்திருந்தால் தடுப்பான் இருக்கிறது. குவான்டிஃபைலர் ட்ரையோ போன்ற கிட்டில் சிறிய இலக்கு சுமார் 80 பேஸ்பேர், பெரியது சுமார் 214. சிறியதன் செறிவைப் பெரியதன் செறிவால் வகுத்தால் சிதைவு எண் கிடைக்கும். உள்கன்ட்ரோல் சரியாக இருந்து சிதைவு எண் ஏறியிருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கிறது. அப்போது கொஞ்சம் அதிகம் ஊற்றுவதில் அர்த்தம் உண்டு. உள்கன்ட்ரோலே தாமதித்திருந்தால் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள், தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள், அல்லது சுத்திகரிப்புக் குழலில் (column) மறுபடி சுத்தம் செய்யுங்கள். தடுப்பான் பலமாக இருந்தால் சிதைவு எண்ணையும் அது ஏற்றிக்காட்டும். ஆகவே முதலில் உள்கன்ட்ரோல், பிறகு சிதைவு எண்.

எல்லா டிஇ-யும் ஒன்று என்று நினைப்பது

எடுத்த டிஎன்ஏவைக் கரைத்து வைக்கும் வழக்கமான டிஇ பஃபரில், உலோக அயனிகளைக் கட்டிப்போடும் ஈடிடிஏ 1 மில்லிமோலார். குறைந்த டிஇ-யில் 0.1. முதல் பஃபரில் கரைத்ததை 25 மைக்ரோலிட்டர் வினையில் 15 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 0.6 மில்லிமோலார் மெக்னீசியம் கட்டுண்டுபோகும். பிசிஆரில் நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் வேலை செய்ய அந்த மெக்னீசியம்தான் வேண்டும்.

செலெக்ஸ் மணியோடு சேர்த்து எடுப்பது

செலெக்ஸ் என்பது உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள். அதே மெக்னீசியக் கதைதான், வேகமாக நடக்கும். 5 சதவீதக் கலவை, 56 டிகிரியில் அரை மணி, 100 டிகிரியில் 8 நிமிடம், 3 நிமிடச் சுழற்சி. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, டிப்பில் இரண்டு செலெக்ஸ் மணிகள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் பிசிஆரில் விடுகிறார்கள். உறைபெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி சுழற்றிவிட்டு மேற்பகுதியில் மட்டும் எடுங்கள்.

ஆர்என்ஏ ஃபீனாலை எடுத்துவிடுவது

டிஎன்ஏ பிரிக்க எடுக்கும் ஃபீனால் பாட்டிலில் பிஹெச் 8 என்று இருக்க வேண்டும். ஆர்என்ஏவுக்கான அமில ஃபீனாலில் டிஎன்ஏ மேலடுக்கில் நிற்காது. நீங்கள் கவனமாக உறிஞ்சி எடுப்பது வெறும் தண்ணீர்.

குவானிடின் கழிவில் பிளீச் ஊற்றுவது

செல்லை உடைக்கும் சில கிட்களில் குவானிடின் உப்பு இருக்கும். அதில் பிளீச் பட்டால் விஷ வாயு வரும். வேண்டாம்.

பிளாங்கைச் செல்லமாக நடத்துவது

மாதிரி இல்லாமல் வேதிப்பொருட்களை மட்டும் ஓட்டிப் பார்க்கும் ரீஏஜென்ட் பிளாங்க் வைக்காதவர்கள் இப்போது யாரும் இல்லை. ஆனால் மாதிரியில் 15 மைக்ரோலிட்டர் எடுத்துப் பெருக்கிவிட்டு, பிளாங்கில் 1 மைக்ரோலிட்டர் எடுத்து, சுத்தம் என்று டிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதிரியைச் செறிவாக்கினால் பிளாங்கையும் அதே அளவுக்குச் செறிவாக்க வேண்டும். அந்தத் தொகுதியில் அதிகபட்சமாக எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவு பிளாங்கிலும் போக வேண்டும். விந்தணு பிரித்த நாளில் இரண்டு பகுதிக்கும் தனித்தனி பிளாங்க்.

ஸ்டெரைல் என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் நம்ப முடியாது. ஜெர்மனியில் ஹைல்ப்ரான் நகரில் 2007 ஏப்ரலில் நடந்த காவலர் கொலையில் கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 இடங்களின் தடயங்களோடு பொருந்தியது. ஊர் ஊராகத் தேடினார்கள். இறந்துபோன ஓர் ஆணின் விரல்ரேகைத் தாளிலும் அதே பெண் வந்து நின்றபோதுதான் சந்தேகம் வந்தது. 2009-இல் விடை தெரிந்தது: அது பஞ்சு ஸ்வாப்பைப் பொதிந்த தொழிலாளியின் டிஎன்ஏ. கிருமியைக் கொல்வதும் டிஎன்ஏவை அழிப்பதும் வேறு வேறு வேலை. மனித டிஎன்ஏ கலப்பு அபாயத்தைக் குறைத்த பொருளுக்கென்றே ஐஎஸ்ஓ 18385 என்ற தரம் 2016-இல் வந்தது. வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். மேசையைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் மட்டும் போதாது. அது டிஎன்ஏவை ஓரத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். அன்றன்று கலந்த 10 சதவீத பிளீச்சால் துடைத்து, பிறகு தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் துருப்பிடிக்கும்.

ஃபார்மமைடை உருக்கி உருக்கி உறைய வைப்பது

பீக் பார்க்கும் கருவியில் ஏற்றுமுன் டிஎன்ஏவைக் கலக்கும் திரவம் ஃபார்மமைடு. உருகி உறைய அதில் அயனி சேரும், கருவிக்குள் டிஎன்ஏ ஏறும் ஊசியேற்றம் கெடும், பீக் தாழும். மாதிரியைக் குறை சொல்வதற்கு முன் புதுக் குழாயைத் திறங்கள்.

கறை முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடுவது

பாதியை வையுங்கள். முடியாத அளவு சின்னதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே அதற்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஒர்க்‌ஷீட்டில் 'இரவு முழுவதும்' என்று எழுதுவது

டெல்லி சாவ்லா இளம்பெண் வன்கொடுமைக் கொலை வழக்கில் 2022 நவம்பரில் தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ முடிவுக்கு என்ன அடிப்படை, நுட்பங்கள் நம்பகமாகக் கையாளப்பட்டனவா என்று கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்று சுட்டிக்காட்டியது. தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துசேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடமும் பதிவேட்டில் இருக்க வேண்டும், சேமிப்பில் இருக்கும் பொட்டலத்தை விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது.

இனிக் குறுக்கு விசாரணையில் கேள்வி, முடிவு என்ன என்பதோடு நிற்காது. எப்படி எடுத்தீர்கள் என்பதற்கும் வரும். ஆகவே வாட்டர் பாத்தில் வைத்த நேரம் மாலை 4.12, எடுத்த நேரம் 6.15, தெர்மாமீட்டர் காட்டியது 56, புரோட்டினேஸ் கே-யின் லாட் எண் இது, டிடிடி குழாய் திறந்த நேரம் 7.43 என்று அந்தந்த நிமிடமே எழுதுங்கள். மறுநாள் காலை நினைவிலிருந்து நிரப்பும் ஒர்க்‌ஷீட்டில் எல்லா நேரமும் பூஜ்யத்தில் முடியும். வக்கீல்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.