உறக்கம் வராதவர்களே, பாயைக் கொஞ்சம் தாமதமாக விரியுங்கள்

என்னிடம் வந்து உறக்கம் வரவில்லை என்று சொன்ன பெண்களில் பெரும்பாலோர் ராத்திரி ஒன்பது மணிக்கே பாயை விரித்துவிடுகிறவர்கள். நேற்று உறங்கவில்லை, இன்றைக்காவது வெள்ளனே படுத்து ஈடுகட்டிவிடலாம் என்று படுக்கிறார்கள். பதினொன்று வரை புரண்டு, கொஞ்சம் கண் அசந்து, இரண்டு மணிக்கு முழித்து, கோழி கூவுகிறவரை சும்மா கிடக்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலத்தில் வீடு வீடாகப் போகும்போது இதை நிறையவே பார்த்திருக்கிறேன். “நர்ஸம்மா, உடம்பெல்லாம் அசதியாத்தான் இருக்கு, கண்ணு மட்டும் அடைய மாட்டேங்கு” என்பார்கள். அவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: பாயில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். கேட்டதும் கோபம் வரும். ஆனால் பலன் தருகிற வழி இது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது வேண்டிய அளவு சேர்ந்தால்தான் உறக்கம் அமுக்கும். மத்தியானம் இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு ஒன்பதுக்கே படுத்தால் அது சேர ஏது நேரம்? இன்னொன்று, பாயில் படுத்துப் படுத்துக் கவலைப்பட்டதில், பாயில் தலையை வைத்தாலே மனசு முழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், டிவி பார்த்தபடியே சொக்கி விழுகிறவர், உள்ளே போய்ப் படுத்ததும் பளிச்சென்று முழித்துக்கொள்வது இதனால்தான். இந்தப் பழக்கத்தை உடைக்கும் வழியை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் எழுதினார். படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1987-இல் வெளியிட்டார்கள். உறக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிச் செய்யும் சிகிச்சையை இன்று டாக்டர்கள் ‘சிபிடி-ஐ’ (CBT-I) என்று சொல்கிறார்கள். அதற்கு இவை இரண்டும்தான் அடிப்படை. வாரத்தில் மூன்று ராத்திரியாவது உறக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட உறக்கமின்மை என்பார்கள். அதற்கு முதல் சிகிச்சையாக இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கணக்கு. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும். காலையில் பல் தேய்த்ததும் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், உத்தேசமாக எப்போது உறங்கியிருப்பேன், நடுவில் எவ்வளவு நேரம் முழித்துக் கிடந்தேன், எப்போது எழுந்தேன். எல்லாம் குத்துமதிப்புதான். ராத்திரி மணி பார்த்து எழுதவே கூடாது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுக்களையில் மாட்டுங்கள். செல்போனில் அலாரம் வைத்து அதையும் அங்கேயே வைத்துவிடுங்கள். மணி இரண்டரை என்று தெரிந்துகொண்டால், இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்று மனசு கழித்துப் பார்க்க ஆரம்பிக்கும். அப்புறம் உறக்கம் எங்கே வரும்?

ஒரு வாரத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு மதினியின் தாள்களை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாங்கள் இருவருமாகக் கூட்டினோம். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். பாயில் ஒன்பது மணி நேரம், உறக்கமோ சராசரியாக ஐந்தரை. அந்த ஐந்தரையோடு அரை மணி கூட்டி, ஆறு மணி நேரம் என்று வைத்தோம். காலையில் ஐந்தரைக்கு அவர் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதனால் எழும் நேரம் ஐந்தரை, அதிலிருந்து பின்னால் எண்ணினால் படுக்கும் நேரம் பதினொன்றரை. ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் படுக்கக் கூடாது. “பத்து மணிக்கே சுளகு மேல சாஞ்சிருவேன் போல இருக்கு நர்ஸம்மா” என்று முதல் வாரத்தில் என்னைத் திட்டித் தீர்த்தார். அப்படிச் சாயத் தோன்றுவதுதான் நமக்கு வேண்டிய அறிகுறி. உறக்கம் தொடர்ச்சியாகிவிட்டது, படுத்த நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உறங்குகிறோம் என்று ஒரு வாரத் தாள்கள் காட்டினால், படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவரலாம். அடுத்த வாரம் பார்த்து இன்னொரு கால் மணி. பகலில் அசதி இல்லாமல் நடமாடும் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். உறக்கம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே பாய் நேரத்தைக் குறைக்கக் கூடாது.

இந்தச் சுருக்கும் முறை எல்லோருக்கும் ஆகாது. வலிப்பு நோய், பைபோலார் மனநோய், உறக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். லாரி, வேன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களும் அப்படியே. ஆரம்ப வாரங்களில் பகலில் கண் செருகும்.

படுத்து ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். நடுராத்திரி முழித்தாலும் இதே விதிதான். ஒரே அறையில் பிள்ளைகளும் மாமியாரும் படுத்திருக்கும் வீட்டில் எங்கே போவது என்று கேட்பார்கள். தார்சா போதும், அடுக்களை வாசல் போதும். டியூப்லைட் போடாதீர்கள், மங்கலான சின்ன பல்பு போதும். காய்ந்த துணி மடிக்கலாம், நாளைக்குள்ள கீரையை ஆயலாம், பூ இருந்தால் கட்டலாம். கைக்கு வேலை இருக்க வேண்டும், மனசுக்கு அவசரம் இருக்கக் கூடாது. பீடி சுற்ற உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டு எண்ணிக்கை மனசில் ஓட ஆரம்பித்துவிடும், புகையிலையின் நிக்கோட்டினும் முழிப்பைக் கூட்டுகிற பொருள். கொட்டாவி வந்து இமை கனத்ததும் பாய்க்குத் திரும்புங்கள். மறுபடி உறக்கம் வராவிட்டால் மறுபடி எழுங்கள். சலிப்பான வேலை இது, முதல் வாரம் அழுகைகூட வரும். விட்டுவிடாதீர்கள்.

நடுவில் முழிப்பதே நோய் என்று பயப்பட வேண்டாம். உறக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முன்ராத்திரியில் முடிந்துவிடும், பின்ராத்திரி உறக்கம் மேலோட்டமானது. வயசாக ஆக இன்னும் மெலியும். அதனால் இரண்டு, மூன்று மணிக்கு லேசாக முழிப்பு தட்டுவது இயல்பு.

காப்பி, டீ விஷயத்தில் நான் கறாராகத்தான் இருப்பேன். குடித்த காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக் கடுங்காப்பியில் பாதி, பதினொன்றரைக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள். சுக்குக் காப்பி நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், ஆனால் சில வீடுகளில் அதிலும் காப்பித்தூள் போடுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பாலில் ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், அளவு கூடினால் அது விஷம். வீட்டு ஆண்கள் உறக்கத்துக்காக என்று குடிக்கும் சாராயம் சீக்கிரம் உறங்க வைத்து, பின்ராத்திரி உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

எங்கள் ஊர்ப் புழுக்கத்தையும் சொல்ல வேண்டும். உடம்பின் உள்சூடு இறங்கினால்தான் உறக்கம் வரும். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரை பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். தண்ணீர் வசதி இருந்தால் வெயில் தாழ மொட்டை மாடியில் தெளித்துவிடுங்கள். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், கோடைக்கு அதைச் சுருட்டிவிட்டுப் பத்தமடைக் கோரைப்பாயில் படுங்கள். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு வெளியேறும். காலையில் எழுந்ததும் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவது அதுதான். ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு இது தானாக நடந்துவிடுகிறது, மற்றவர்கள் வாசல் தெளித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள்.

ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒன்றும் செய்ய முடியாது. நடுராத்திரிச் சாமக்கொடை பார்த்துவிட்டு வீடு வர மூன்று மணி ஆகும், அதற்கு மேலும் குழாய் ஸ்பீக்கர் ஓயாது. போய்ச் சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் மட்டும் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.

பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சவூதியில் ராத்திரி பத்து என்றால் நமக்குப் பன்னிரண்டரை. அவன் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுக் கூப்பிடுவான், அம்மா அதுவரை போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், பேசி முடித்ததும் அவன் குரல் ஏன் கம்மி இருந்தது என்று யோசித்தே விடிந்துவிடும். வாரநாட்களில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், காலையில் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை, பகலிலேயே ஆற அமரப் பேசுங்கள். சீட்டுப் பணம், மகள் கல்யாணம், கோர்ட்டு வழக்கு மாதிரிக் கவலைகளுக்கு, விளக்கு வைத்த பிறகு ஒரு கால் மணி ஒதுக்கி நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளைக்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரி இருக்கட்டும்.

மெடிக்கலில் போய் உறக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே தினமும் அல்பிரசோலம் போன்றதைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அலர்ஜி மாத்திரையை உறக்கத்துக்குப் போடுகிற வழக்கமும் வேண்டாம், வயசானவர்களுக்குத் தடுமாற்றமும் நீர் அடைப்பும் வரும்.

பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்கள், படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறவர்கள், ராத்திரி அடிக்கடி சிறுநீருக்கு எழுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள். கால் குறுகுறுப்புக்கு இரும்புச்சத்துக் குறைவும், நீர் போவதற்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். கருக்கலிலேயே முழித்து, வாழ்வே வெறுத்துப்போகிற மாதிரி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் கட்டணம் இல்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலண்டர் தாள்களையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கிறது எதுவும் ராத்திரி வேளையில் இருந்தால் அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மறக்காமல் கேளுங்கள்.