ஒரு மைக், இரண்டு ரேடியோ: காருக்குச் சுவிட்ச் பெட்டி கட்டுவது எப்படி

உள்ளூர்ப் பேச்சுக்கு 145 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, தூரத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்று என்று காரில் இரண்டு ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) மாட்டியிருப்பவர்களுக்கு இது. ஓட்டிக்கொண்டே எந்த மைக் எதனுடையது என்று தேடுவது ஆபத்து. ஒரே மைக்கை வைத்து, நடுவில் சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

டைனமிக் மைக்காக வாங்குங்கள். எலக்ட்ரெட் மைக்குக்கு வோல்டேஜ் கொடுக்க வேண்டும், அதை ஒவ்வொரு ரேடியோவும் ஒவ்வொரு விதமாகத் தரும், வீண் வேலை. அப்புறம் இரண்டு மேனுவலையும் பார்த்து எந்தப் பின் எதற்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் ஐகாம், யேசு, கென்வுட் மூன்றிலும் பின் வரிசை வேறு. ஐகாம் மாதிரி மைக் பின்னிலேயே டிசி வோல்டேஜ் வருகிற ரேடியோ என்றால், அது மைக்குக்குப் போகாமல் தடுக்க அந்த வயரின் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று சேர்த்து, பிளஸ் காலை ரேடியோ பக்கம் வையுங்கள்.

மைக் சிக்னலையும் பிடிடியையும் (பேச அழுத்தும் பட்டனின் வயர்) மட்டும் சுவிட்ச் வழியாக விட்டு, கிரவுண்டுகளை ஒன்றாக முறுக்கிவிடுகிறவர்கள் நிறைய. அதைச் செய்யவே செய்யாதீர்கள். இரண்டு ரேடியோவும் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. மைக் கிரவுண்டும் சேர்ந்தால் ஒரு வளையம் உண்டாகி, ஆல்டர்னேட்டர் இரைச்சல் உங்கள் குரலோடு சேர்ந்து போகும். அதைவிட மோசம், ஒரு ரேடியோவின் நெகட்டிவ் வயர் கழன்றுவிட்டால், 100 வாட் செட் இழுக்கும் 20 ஆம்பியர் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி அந்த மெல்லிய மைக் வயரில் பாயலாம், உள்ளே சர்க்யூட் போர்டின் டிராக் (மெல்லிய செம்புக் கோடு) எரிந்துவிடும். அதனால் நாலு போல் (நாலு வயரை ஒரே சமயத்தில் மாற்றுவது), இரண்டு பக்கம் தட்டும் டாகிள் சுவிட்ச்தான் வேண்டும். பன்னிரண்டு கால் இருக்கும். நடு வரிசை நாலிலும் மைக், மைக் கிரவுண்ட், பிடிடி, பிடிடி கிரவுண்ட். இந்தப் பக்கம் ஒரு ரேடியோ, அந்தப் பக்கம் மற்றது.

பிளாஸ்டிக் பெட்டி போதும். ரேடியோவுக்குப் போகும் வயர் ஷீல்டு வைத்ததாக இருக்கட்டும், ஷீல்டை ரேடியோ முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்து, பெட்டி முனையில் வெட்டி விட்டுவிடுங்கள். முனைக்கு ஒரு ஃபெரைட் (ரேடியோ அலை வயரில் ஏறாமல் தடுக்கும் வளையம்) போட்டால் நல்லது.

ரேடியோவில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு பிளக்கின் எந்தப் பின்னும் மற்ற பிளக்கின் எந்தப் பின்னோடும் சேரவில்லை என்று, சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் ரெசிஸ்டர்) மாட்டி, குறைந்த பவரில் பேசி, மைக் கெயினை (குரலைப் பெரிதாக்கும் அளவு) ஒவ்வொரு செட்டிலும் தனித்தனியாக வையுங்கள். பிடிடி அழுத்தியிருக்கும்போது மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள்.